மேல் போல்ட், கீழ் போல்ட்

மாமனார் அறுபத்தெட்டு வயதில் பந்தயக் கார் வாங்கியபோது, அவரைத் தவிர வீட்டில் யாருக்கும் சந்தோஷமில்லை. நாலு சக்கரமும் இழுக்கிற கார் அது. நின்ற இடத்தில் மிதித்தால், பின்சீட்டில் இருப்பவனின் குடல் டிக்கி வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பி வரும். சின்ன மாப்பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. முட்டி இரண்டும் தாடையில் இடிக்க, பின்சீட்டு நடுவில் சுருண்டு போகிற ஆள் அவன்தான்.

அவனுக்கென்று இருந்தது சோப்பு ஏற்றுகிற வேன் ஒன்று. மேட்டில் ஏறும்போது சைக்கிள்காரர்கள் அவனைத் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டபடி முந்திப் போவார்கள். ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மாமனார் தொண்டையைச் செருமி அந்த அறிவிப்பை வெளியிட்டபோது, அவன் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

"முட்டி வலில கிளச்ச மிதிக்க முடியல. கார மாப்பிள்ளைங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன். ஆனா ஒண்ணு. கியர்பாக்ஸ்லேர்ந்து பின் அச்சு வரைக்கும், அடியில இருக்கற ஆயில் எல்லாத்தையும் எவர் தன் கையாலயே மாத்திக் காட்டறாரோ அவருக்குத்தான் சாவி. மெக்கானிக் வாசல் மிதிக்கக் கூடாது. அக்கறை உள்ளவன் கையிலதான் பொருள் இருக்கணும்."

சின்ன மாப்பிள்ளை அந்த இடத்திலேயே உஷாராகியிருக்க வேண்டும். மாமனார் நாற்பது வருஷம் துணி வியாபாரம் செய்தவர். கிழிசல் உள்பக்கம் போகிற மாதிரி மடித்து, வாங்குபவனையே நன்றி சொல்ல வைத்து அனுப்புவதில் மன்னன். அப்படிப்பட்டவர் திடீரென்று அக்கறையைப் பற்றிப் பேசினால் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வதுதான் புத்தி. ஆனால் ஆசை வந்துவிட்டால் கணக்கு மறந்துவிடுகிறதே! "நான் மாத்தறேன் மாமா" என்று எச்சில் கையைத் தூக்கிவிட்டான். அவன் தோற்றால் பெரிய மாப்பிள்ளையின் முறை என்றும், அதுவரை அவர் சாட்சியாகப் பக்கத்தில் இருப்பார் என்றும் முடிவாயிற்று.

இந்த ஞாயிறு மாமனார் வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பியதும் ஷெட்டில் வேலை தொடங்கியது. எண்ணெய் சூடாக இருந்தால்தான் ஒழுங்காக வடியும் என்பதால் காரைத் தெருவில் ஒரு சுற்று உருட்டிவிட்டு வந்து, நாலு ஸ்டாண்டில் சமமாக ஏற்றி நிறுத்தினான். பெரிய மாப்பிள்ளை நட்டு போல்ட்டுக் கடைக்காரர். ஆள் அகலம். பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டு பக்கமும் வழிய நிரப்பிக்கொண்டு, பிஸ்கெட் பாக்கெட்டோடு உட்கார்ந்தார்.

"சகலை, கார் உங்க மேல விழுந்தா யாருக்கு முதல்ல போன் பண்ணட்டும்? உங்க வீட்டுக்கா, மாமாவுக்கா?"

"விழுந்தா நீங்களே தூக்கிடலாம். எந்திரிக்கறதுதான் உங்களுக்குக் கஷ்டம்."

வேலை சுலபமானதுதான். எண்ணெய் நிற்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு போல்ட். கீழ் போல்ட்டைக் கழற்றினால் பழைய எண்ணெய் வடியும். மேல் போல்ட்டைக் கழற்றி, கைப்பம்பால் புதியதை ஏற்றி, அந்தத் துளையில் வழிந்ததும் நிறுத்தி மூடிவிட வேண்டும். கியர்பாக்ஸில் கீழே திறந்தான், வடித்தான், மூடினான். மேலே திறந்தான், ஊற்றினான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் நடுப் பெட்டியிலும் அதேதான். மூன்றாவதாகப் பின் அச்சுப் பெட்டிக்குப் போகும்போது சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

கீழ் போல்ட் கழன்றது. கருகருவென்று எண்ணெய் இறங்கியது. அழுகிய முட்டையைத் தலைமுடியோடு சேர்த்துக் கொளுத்தின மாதிரி ஒரு நாற்றம். சாட்சி நாற்காலியோடு வாசலுக்குப் பின்வாங்கினார். கடைசிச் சொட்டு வரை வடியவிட்டு, கீழ் போல்ட்டை இறுக்கி, ஆறு பட்டை ஆலன் கீயை மேல் போல்ட்டின் குழியில் வைத்தான். வைத்தது உள்ளே போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தான். அறுகோணமாக இருக்க வேண்டிய குழியே அங்கே இல்லை. ஏதோ ஒன்றை அடைத்து, வழவழவென்று தேய்த்து, மேலே கறுப்புப் பெயின்டும் அடித்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினான். சாம்பல் நிறத்தில் இரும்புப் பசை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் இருந்த குழி, யாரோ கீயைத் தப்பாகப் போட்டுத் திருகு திருகென்று திருகி, மூக்குப்பொடி டப்பா மாதிரி வட்டமாகியிருந்தது.

சீட்டி நின்றுபோனதைக் கேட்டுப் பெரிய மாப்பிள்ளை குனிந்தார்.

"என்ன சகலை, மேல வரலையா?"

"வரல."

"கீழ?"

"வடிச்சாச்சு."

பெரிய மாப்பிள்ளையின் முகத்தில் பல்பு எரிந்தது. "அடடா! மேல திறக்குதான்னு பாத்துட்டுல்ல கீழ கை வெக்கணும்? புது சரக்கு வருமா வராதான்னு தெரியாம எவனாவது குடோனக் காலி பண்ணுவானா?"

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கடைக்கு வர்ற மெக்கானிக் எல்லாம் சொல்லுவானே."

"அப்ப ஏன்யா காலைலேர்ந்து வாயத் திறக்கல?"

"நான் சாட்சி. வாத்தியார் இல்ல."

சின்ன மாப்பிள்ளைக்கு மண்டை காய்ந்தது. எண்ணெய் இல்லாத பெட்டியோடு காரைத் தெருமுனை வரை ஓட்டினாலும் உள்ளே பல்சக்கரம் பல்லை இளித்துவிடும். வடித்த எண்ணெயைத் திரும்ப ஊற்றலாமென்றால் அதற்கும் மேல் துளைதான் வேண்டும். சாயங்காலம் மாமனார் வந்து பார்த்தால், கார் சகலைக்கு. தனக்கு ஆயுசுக்கும் பின்சீட்டு நடு இடம். முன்சீட்டில் சகலை திரும்பி உட்கார்ந்துகொண்டு, "காத்து வருதா தம்பி?" என்று கேட்கிற காட்சி கண்முன் வந்தது.

அவன் காருக்கு அடியிலிருந்து பாம்பு மாதிரி நெளிந்து வெளியே வந்தான். "இது உங்க வேலை! போன மாசம் கழுவித் தர்றேன்னு ஒரு நாள் பூரா வெச்சிருந்தீங்கல்ல?"

"என்னா பேச்சு பேசறீங்க? நான் கழுவினது மேல் பக்கம். குனிஞ்சு என் கால் விரலைப் பாத்தே பல வருஷம் ஆவுது, நான் போய் இதுக்கு அடியில நுழைஞ்சேனா?"

அந்த வாதத்தில் நியாயம் இருந்தது.

அதற்குள் மாமியார் டீ கொண்டுவந்தார். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, "எது செத்துப்போச்சு இங்க?" என்று கேட்டவர், தரையில் கிடந்த சாம்பல் பொருக்கைப் பார்த்தார். "ஏன் மாப்பிள்ளை, இந்தக் கண்றாவி இங்கயும் வந்துடுச்சா? போன மாசம் உங்க மாமா சமையல் மேடையில வெச்சுல்ல இதப் பிசைஞ்சாரு! கத்தியால கூடச் சுரண்டிப் பாத்துட்டேன், கறை போகல. என்னங்க இதுன்னா, 'உனக்குப் புரியாது'ன்னாரு."

டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சகலைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முட்டி வலியாம்" என்றான் சின்னவன்.

"அக்கறையாம்" என்றார் பெரியவர்.

தானே ஆயில் மாற்றப் போய்த் திருகிக் கெடுத்ததை மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஊரே சிரிக்கும். விற்கலாமென்றால், வாங்க வருகிறவன் அடியில் எட்டிப் பார்ப்பான். ஆகவே சரக்கை வீட்டுக்குள்ளேயே, மாப்பிள்ளைகள் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார் மனுஷன். கிழிசல் உள்பக்கம்.

"இப்ப நீங்க தோத்தா, அடுத்து நான்ல இதுக்கு அடியில படுக்கணும்?" என்றார் பெரியவர் மெதுவாக. அவருக்கு வேர்த்தது. "சகலை, இத எடுக்க வழி இருக்கு. நட்சத்திர முனை பிட்டு, குழியவிட ஒரு நூல் பெருசா பாத்து, சுத்தியால அடிச்சு இறக்கிட்டா கடிச்சுக்கும். புது போல்ட்டும் கடையில இருக்கு, கீழ் போல்ட்டுக்கு இருக்கற மரைதான் மேலயும். நான் கொண்டாறேன். வாரம் மாத்தி வாரம் ஓட்டிக்குவோம்."

"அடியில படுத்து நாறினது நான். மாசத்துல மூணு வாரம் எனக்கு."

"அப்ப மாமாவே வந்து எடுக்கட்டும்." பெரியவர் நாற்காலியில் மறுபடி சாய்ந்தார்.

"சரி, ரெண்டு வாரம். ஆனா முதல் ஓட்டம் எனக்கு."

"பெட்ரோல்?"

"ஓட்டறவர் போடணும்."

"முடிஞ்சுது. பிஸ்கெட் எடுத்துக்கோங்க."

பெரிய மாப்பிள்ளை அவ்வளவு வேகமாக நடந்து அந்தத் தெரு பார்த்ததில்லை. பிட் வந்தது. சின்னவன் அடித்து இறக்கினான். ராட்சத ஸ்பேனரின் பிடியில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி நீளமாக்கி, நுனியை வெளியே நீட்டினான். பெரியவர் தன் உடம்பு முழுவதையும் அதன் மேல் சாய்த்தார். அந்த உடம்பு யாருக்காவது உபயோகப்பட்டது அன்றைக்குத்தான். படக்கென்று ஒரு சத்தம். போல்ட்தான் உடைந்ததோ என்று இருவரும் மூச்சை அடக்கினார்கள். உடையவில்லை, அசைந்திருக்கிறது. அடுத்த அரைச் சுற்றில் கெஞ்சாமலே கழன்று வந்தது. புது எண்ணெய் ஏறி, துளையில் வழிந்து, சின்னவனின் காதுக்குள்ளும் கொஞ்சம் போனது. அவன் பொருட்படுத்தவில்லை.

மாமனார் வந்தபோது கார் தரையில் நின்றது. மருமகன்கள் இருவரும் கைகட்டி நின்றார்கள். அந்தப் பணிவு அவருக்குச் சரியாகப்படவில்லை.

"மாமா, ஒரு மோசடியக் கண்டுபிடிச்சிருக்கோம்" என்றான் சின்ன மாப்பிள்ளை. "உங்க மெக்கானிக் பின்னாடி போல்ட்ட அரைச்சு நாசம் பண்ணிட்டு, பசைய வெச்சு மூடி, பெயின்ட் அடிச்சிருக்கான். வாங்க, இப்பவே போய் சட்டையப் பிடிப்போம்."

"சங்கத்துலயே வெச்சு நாறடிக்கணும் மாமா" என்றார் பெரியவர்.

மாமனார் ஷெட்டின் கூரையை, அதை வாங்க வந்தவர் போல ஆராய்ந்தார். "எதுக்கு மாப்ளே... பாவம், பிள்ளைகுட்டிக்காரன்."

"பசையில கட்டை விரல் ரேகை கூட இருக்கு மாமா. அளவு எடுத்தாப் போதும்."

"சமையல் மேடையிலயும் இருக்கு" என்று உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

மாமனார் சட்டைப் பையில் கையை விட்டார். "சாவி, சாவின்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறீங்களே மாப்ளே. இந்தாங்க."

எண்ணெய் மாற்றிய காரை ஓட்டிப் பார்க்காமல் விடக் கூடாது. மாமியார் முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலை முழுவதும் இறக்கினார், சின்ன மாப்பிள்ளையின் வாசனை அப்படி. பெரிய மாப்பிள்ளை பின்சீட்டில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டார். மிச்சத்தில் மாமனார் முட்டி இரண்டும் தாடையில் இடிக்கச் செருகப்பட்டார்.

"காத்து வருதா மாமா?"

"மெதுவாப் போங்க மாப்ளே, இப்பத்தான ஆயில் மாத்தியிருக்கு."

"ஒழுங்கா மாத்தியிருக்கேனான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, சின்ன மாப்பிள்ளை மிதித்தான்.

பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. யாருடைய குடல் டிக்கிக்குப் போனது என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை.