வெளித் தாழ்ப்பாள்

“உள்ள போம்மா. அவன் கிளம்புற நேரம்.”

மாமியார் பின்னறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மருமகள் நகரவில்லை. அவள் கையில் அப்போதுதான் தேய்த்து மடித்த மஞ்சள் பனியன் இருந்தது. முதுகில் பத்தாம் எண், அவள் தைத்தது.

“அத்தை, இன்னைக்கு மட்டும் நானும் வர்றேன். ஆட்டத்துக்கு முன்னால அவரு படத்தை மைதானத்துல வச்சு மரியாதை பண்றாங்களாமே. ஒரு நிமிஷம் பக்கத்துல நின்னுட்டு வந்துடறேன்.”

“ஃபைனல்ஸ்மா இது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“அவரு என் புருஷன் அத்தை.”

“புருஷன்தான். அவனை முழுங்கினது பத்தாதா? கப்பையும் முழுங்கணுமா?”

கூடத்தில் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்த கொழுந்தனுக்கு எல்லாம் கேட்டது. கல்லூரிக் கால்பந்து அணியின் கேப்டன் அவன். அண்ணனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். அவன் திரும்பாமலே பேசினான்.

“அண்ணி, ப்ளீஸ். பசங்க எல்லாம் பயப்படறாங்க. கப்போட வந்து உங்ககிட்டதான் முதல்ல காட்டுவேன்.”

மாமியார் பனியனைப் பிடுங்கி மகனிடம் கொடுத்தார். அவள் உள்ளே போனாள். வெளித் தாழ்ப்பாள் ‘கடக்’ என்று விழுந்தது.

அந்த அறைக்கு வெளித் தாழ்ப்பாள் முன்பு கிடையாது. இந்த ஆட்டப் பருவத்தில்தான் கொழுந்தன் கடையில் வாங்கிவந்து தன் கையாலேயே முடுக்கினான். திருகாணிகள் இன்னும் பளபளத்தன. அவள் கணவர்தான் அந்த அணியின் பயிற்சியாளராக இருந்தவர். விடுமுறையில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் போன பிறகு நடந்த முதல் ஆட்டத்தன்று கொழுந்தன் மறந்துவிட்டுப் போன காலுறையை எடுத்துக்கொண்டு அவள் கல்லூரி வாசல்வரை ஓடினாள். கோல்கீப்பர் எதிரே வந்தான். அன்று அவன் காலிடுக்கு வழியாகப் பந்து போனது. பழி அவள் தலையில் விழுந்தது. அடுத்த ஆட்டத்துக்கு அவளை உள்ளே வைத்துப் பூட்டினார்கள், ஜெயித்தார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பழத்தைத் தின்றவர்களுக்குக் காக்கைமேல் பக்தி வந்துவிட்டது.

பனியனில் எண் தைக்க அவள் கை வேண்டும், சேறு போக அலச அவள் கை வேண்டும். முகம் மட்டும் ஆகாது.

இதில் அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. மகன் தெருமுனை திரும்பியதும் மாமியார் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுத் தானும் ஆட்டம் பார்க்கக் கிளம்பிவிடுவார். அடுத்த நிமிடமே மருமகள் தலையைச் சுற்றித் துணியைப் போர்த்திக்கொண்டு பின்சந்து வழியாக மைதானத்துக்குப் போய்விடுவாள். தண்ணீர் பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். அவள் பார்க்காமல் அவர்கள் ஜெயித்த ஆட்டம் அந்தப் பருவத்தில் ஒன்றுகூட இல்லை.

இன்றும் தாழ்ப்பாள் விலகியது.

“இப்ப வெளிய வரலாம். கேட்டுக்கு வெளிய தலை காட்டாதே.”

போர்வைத் துணியை எடுக்கப்போன கை பாதியில் நின்றது. ‘முழுங்கினது பத்தாதா’ என்ற சொல் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அலமாரியைத் திறந்து கணவரின் மஞ்சள் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பாசத்தில் மாட்டியதாகத் தன்னையே ஏமாற்றிக்கொள்ளவில்லை. தூரத்திலிருந்தும் கண்ணில் அடிக்கும் நிறம் அது. அதற்காகத்தான்.

மைதானத்தின் நடுவே படம் இருந்தது. பக்கத்தில் நின்று நினைவுக் கேடயத்தை வாங்கியவர் மாமியார். அவரும் கணவனை இழந்தவர்தான். ஆனால் பெற்றவள் முகத்துக்குத் தோஷமில்லை என்று ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவரும் மாமியார்தான்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டே போனது. முடியப்போகும் நேரத்தில் கேப்டனைத் தள்ளிவிட்டார்கள். பெனால்ட்டி. மைதானமே எழுந்து நின்றது. அவள் ஷெட்டைவிட்டு வெளியே வந்தாள். நிதானமாக நடந்து, எதிரணியின் கோல் வலைக்கு நேர் பின்னால், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கேப்டன் பந்தை வைத்தான், பின்னால் நடந்தான், தலையைத் தூக்கினான். மஞ்சள் ஜாக்கெட்டைப் பார்த்தான். பிறகு அதற்கு மேலிருந்த முகத்தைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போனது.

அவள் சபிக்கவில்லை. சிரித்தாள்.

“நல்லா அடிங்க தம்பி!” என்று வாய்விட்டு வாழ்த்தினாள்.

பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, வேலியையும் தாண்டி, பின்சுவரில் மோதி அவள் காலடிக்கு உருண்டு வந்தது. அவள் அதை எடுத்து உள்ளே வீசினாள். எதிரணி அந்த வேகத்திலேயே போய் ஒரு கோலைப் போட்டு ஆட்டத்தை முடித்தது. அவளுக்குப் பாவமாக இருந்ததா? இல்லை. இனித்தது. அவர் இருந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார். அவருக்காக அழவேண்டியதையெல்லாம் அவள் அந்தப் பின்னறையிலேயே அழுது தீர்த்திருந்தாள்.

வீட்டில் மாமியார் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

“வேணும்னே வந்து நின்னு கெடுத்துட்டியே!”

“எல்லா ஆட்டத்துக்கும்தான் வந்தேன் அத்தை. பம்ப் ஷெட்டுக்குப் பின்னால நின்னு பார்த்தேன். ஜெயிச்சீங்களே, அப்ப இந்த முகம் எங்க போச்சு?”

“பொய் சொல்றீங்க” என்றான் கேப்டன்.

“செமி ஃபைனல்ல சட்டையைக் கழட்டிச் சுத்துனீங்க, மஞ்சள் அட்டை கொடுத்தாங்க. அதை நீங்களோ அத்தையோ எங்கிட்ட சொன்னீங்களா தம்பி?”

இருவருமே சொல்லியிருக்கவில்லை. அவன் தரையைப் பார்த்தான். கண் திறக்கவேண்டிய இடம் அது. ஆனால் மாமியாரின் மூளை வேறு பக்கம் ஓடியது. அவர் மகன் காதில் கிசுகிசுத்தது அவளுக்கும் கேட்டது.

“பாத்தியா! ஒளிஞ்சு பார்த்தா ஒண்ணுமில்லடா. நேருக்கு நேரா பார்த்தாதான் பலிக்குது.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் இருந்த நம்பிக்கை பொய்யென்று காட்டினால், அது சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறது. நிற்கட்டும்.

“நாளைக்கு நான் பழையபடி தையல் கடைக்குப் போறேன் அத்தை. முன்வாசல் வழியாத்தான் போவேன்” என்றாள்.

மறுநாள் காலை அவள் கைப்பையோடு கூடத்துக்கு வந்தாள். கேப்டன் சலவைச் சட்டையில் தயாராக இருந்தான். அன்றுதான் ஒரு கம்பெனி தன் அணிக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்வானால் வேலையும் உண்டு. மருமகளின் காலடிச் சத்தம் கேட்டதுமே மாமியார் அலறினார்.

“டேய், நிமிர்ந்து பாக்காதே! உள்ள வாடா!”

மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார். அணியின் கேப்டனும் மறுபேச்சில்லாமல் அம்மா பின்னால் ஓடினான்.

அவள் கதவருகே போனாள். ‘கடக்.’

“அண்ணி? அண்ணி! ஒன்பது மணிக்கு செலக்‌ஷன்!”

“சாயங்காலம் வந்து திறக்கிறேன் தம்பி. அதுவரைக்கும் என் முகம் உங்க கண்ணுல படாது.”

தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அவன் கையால் முடுக்கிய திருகாணிகள், அசையவே இல்லை.