பாவு நீட்டிய தெரு

அபிதகுசாம்பாள் பாவு நீட்டியிருந்த நேரம் பார்த்துத்தானா வார்டு தேர்தல் அந்தத் தெருவுக்குள் நுழைய வேண்டும்? இந்த முனையில் ஒரு கட்சி ஊர்வலம், அந்த முனையில் இன்னொன்று. நடுவில், தெரு நீளத்துக்கு விறைப்பாக இழுத்துக் கட்டிய அரக்குச் சிவப்புப் பட்டு இழைகள். இத்தனை வருஷம் கூலிக்கு நெய்தவள், கணவன் சம்பந்தத்தோடு மல்லுக்கட்டிச் சொந்தமாகப் போட்ட முதல் பாவு அது. கெட்டுப்போனால் மறுபடியும் இன்னொருத்தர் தறியில்தான் போய் உட்கார வேண்டும்.

பாவைத் தொடாமல் ஒதுங்கி நடக்க ஆரணிக்காரர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? மேளம் தானாக நின்றது. கொடிகள் தாழ்ந்தன. போன வாரம் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் இன்று சுவரை உரசிக்கொண்டு ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்தார்கள். அபிதாவுக்குச் சிரிப்புகூட வந்தது.

அப்போதுதான் ஒரு கொடிக்கம்பு பாவில் சிக்கி, ஒரு கொத்து இழை அறுந்து சுருண்டது.

கம்பைப் பிடித்திருந்தவன் கிரண். ஒடிசாவிலிருந்து வந்து விசைத்தறி ஓட்டுகிறவன். அன்றைக்குக் கொடி பிடிக்க வந்திருந்தான்.

"உங்க ஆளுதானேப்பா அறுத்தான்?" என்றார் எதிர்முனைக் கட்சியின் பரசுராமன்.

"எங்க ஆளு இல்லீங்க. கூலிக்கு வந்தவன்," என்றான் கொடியைக் கொடுத்திருந்த தீனா, கொஞ்சமும் கூசாமல்.

கிரண் கொடியைச் சுவரில் சாத்திவிட்டு, அறுந்த முனைகளைத் தேடிப் பிடித்தான். பிறகு பாவோரம் நின்றிருந்த சம்பந்தத்தின் நெற்றியைக் காட்டி, விரல்களைத் தேய்த்தான்.

"இன்னாடா சொல்ற?" என்று விழித்தார் சம்பந்தம்.

அபிதாவுக்குப் புரிந்துவிட்டது. திருநீற்றுச் சாம்பல் தொட்டால்தான் பட்டு இழை விரலில் வழுக்காது.

"துண்ணூறு கேக்குறாரு. குனிஞ்சி நில்லுங்க, ஜல்தி."

சம்பந்தம் குனிந்தார். கிரண் அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டு இழையோடு இழையை வைத்து முறுக்கினான். கட்டை விரலைச் சற்றே மடக்கி ஒரு திருகு. அச்சு அசலாக அவளுடைய திருகு. எத்தனை ஆறு, எத்தனை மலை தாண்டி இருக்கிற ஊர்! அங்கேயும் இதையே யார் சொல்லிக் கொடுத்தது? அவள் சேர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். தட்டுப்படவே இல்லை.

"ஊர்ல நெசவாப்பா?"

"ஆமா, அக்கா. அப்பா, தாத்தா, எல்லாம்."

"வோட்டு இந்தக் கட்சிக்குத்தானா?"

"எனக்கு வோட்டு இங்க இல்ல, அக்கா."

"டேய், வாடா, எல்லாரும் காத்துகினு இருக்காங்க," என்று தீனா கொடியை எடுத்து நீட்டினான். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. கிரணின் இரண்டு கையிலும் இழை இருந்தது. இரண்டு ஊர்வலமும் மேளத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றன. நெற்றிப் பட்டை பாதி அழிந்துபோன சம்பந்தம், அடுத்த இழைக்காக இன்னும் குனிந்தே நின்றார்.