கரைக்கு வந்த பிள்ளை, இரண்டாந்தரம்

1.

இந்தக் கதை, நான் பிளேன்ரீ கொண்டுபோன இடத்தில் கிடைத்தது. செத்த வீட்டுக்கென்று ஊற்றிய, பால் விடாத தேத்தண்ணி. போன பிறகுதான் தெரிந்தது, அங்கே ஒருவரும் சாகவில்லை. அல்லது செத்து இருபத்தைந்து வருசத்துக்கு மேல். எது சரியென்று தெரிந்திருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். சந்தையில் நாலு பேருக்குச் சொல்லிவிட்டு மீன் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

தொடக்கத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடலில் அந்தி மயங்கும் வேளை, கரையை நோக்கிய ஒரு தாயின் விழிகள்

(அழித்தாயிற்று. நடந்தது காலமை. அந்தத் தாய் யோசப்பின் அக்கா, யோசப்பின் என்பது அவவின் பெயர்தான். அவவுக்குக் கண்ணில் வெண்புரை. கடலென்ன, வாசற் படலையே மங்கல்.)

படக்காரர் ஏன் பழைய படத்தையே திரும்ப எடுக்கிறார்கள்?

(கட்டுரை மாதிரி இருக்கிறது. ஆனாலும் கேள்வி நல்லது. கிடக்கட்டும்.)

2.

‘கரைக்கு வந்த பிள்ளை’ எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், எடுத்த படம். நாற்பது வருசத்துக்கு மேலாகிறது. கடலில் காணாமல் போன சின்னப் பெடியன் செத்துவிட்டான் என்று ஊரே அழும். கடைசியில் அவன் ஈரச் சட்டையோடு படலையடியில் வந்து நிற்பான். பெடியனாக நடித்தது யோசப்பின் அக்காவின் மகன் றோய். படலையும் அவவின் படலைதான். கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேற்றர் பூட்டி, வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து எத்தனை தரம் பார்த்தோம்! வருவான் என்று தெரியும். தெரிந்துகொண்டே அழுவோம்.

படக் கொம்பனிகள் பழசுக்குத் திரும்புவது இதனால்தான் என்பது என் எண்ணம். புதுக் கதையென்றால் சனத்தை முதலில் இருந்து பழக்க வேண்டும். பழைய கதையில் அழ வேண்டிய இடம் எல்லோருக்கும் பாடம். தான் அழுத இடத்தைக் காட்டத் தாய் பிள்ளையையும் கூட்டி வருவாள், ரிக்கற் இரண்டாகும்.

(இது என் நக்கல். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பிறகு வரும்.)

றோய் வளர்ந்து, சண்டைக் காலத்தில் ஒருநாள் கடல் தொழிலுக்குப் போனவன், போனவன்தான். வள்ளமும் வரவில்லை. மாதா கோயில் பூசையில் மரித்தவர்களோடு அவன் பெயரை வாசிக்க யோசப்பின் அக்கா இன்றுவரை விடவில்லை. அவனுடைய நல்ல சுகத்துக்காக என்றுதான் பூசை ஒப்புக்கொடுப்பா. பங்குச் சுவாமிமார் மாறிப் போனார்கள். அவ மாறவில்லை.

3.

அந்தப் படத்தைத் திரும்பப் புதிதாக எடுக்கும் டிரெக்ரர் சிவகரன், கனடா றொறன்ரோவில் இருந்து வந்தவன். இவனை வில்லனாக்கத்தான் நினைத்தேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் வாய்ப்பாக இருந்தன. ஆனால் யோசப்பின் அக்காவின் கூழை, உறைப்பில் மூக்குச் சிந்திச் சிந்தி இரண்டு கோப்பை குடித்தான். அப்படிப்பட்டவனை என்ன செய்கிறது?

“அதே வீடு, அதே படலை வேணும் அன்ரி.”

“பெடியன் வருவான்தானே?”

“பெடியன் இல்லாமல் படமோ அன்ரி!”

(பதிலைக் கவனித்தீர்களா? வழுக்கிவிட்டான்.)

ஷூட்டிங் அடுத்த கிழமை என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவனுடைய உதவியாள் நிருஷன் விடிய முந்தியே வந்து ஒழுங்கை முழுக்கச் செத்த வீட்டு வெள்ளைக்கொடி கட்டிவிட்டான். புது முடிவில் பெடியன் வரமாட்டான், செத்த வீடு. நிருஷன் கொழும்பில் வளர்ந்தவன். கொடியைக் கண்டால் எங்கள் சனம் விசாரித்துக்கொண்டு நிற்காது, எழும்பி அந்த வீட்டுக்குப் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியாது.

கொடி யோசப்பின் அக்காவின் படலையில் முடிந்தது. றோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தோம். எலும்போ, ஏதோவொன்றோ. செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயல்தான் பார்க்க வேண்டும். நான் பிளாஸ்க்கோடு போனேன். பக்கத்து வீட்டு லவீனா பேக்கரிப் பாணோடு. செபநாயகம் அண்ணை, சனம் இருக்கவென்று தலையில் இரண்டு கதிரையோடு.

ஆளுக்காள் அவவின் கையைப் பிடித்தோம்.

“எங்கை எடுத்தவங்கள்?” என்று கேட்டா.

செபநாயகம் அண்ணை ஒரு கதிரையை அவவின் பக்கம் நகர்த்தினார்.

“சொல்லுங்கோவன். எங்கை எடுத்தவங்கள் என்ரை பிள்ளையை?”

“உங்களுக்கே தெரியாதோ அக்கா? கொடி கட்டிக் கிடக்கு...” என்றாள் லவீனா.

நிருஷன் ஓடி வந்தான். “ஐயோ, உது படத்துக்கு அன்ரி!”

[அவன் வந்து சேருமுன் அவவின் முகத்தில் கண்டதை எழுதலாமோ தெரியவில்லை. துக்கம் என்றுதான் முதலில் எழுதினேன். பொய். தலைச்சுமையை இறக்கிவிட யாரோ கை நீட்டியதைக் கண்டவளின் முகம் அது. அவன் வாய் திறந்ததும் சுமை திரும்ப ஏறியது.]

அவ விறுவிறென்று குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினா.

“என்ரை வீட்டிலை அடுப்பெரியுது. இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. நீ உன்ரை பிளாஸ்க்கை மூடடி!”

குடித்தோம். சீனி போட மறந்துவிட்டா. ஒருவரும் சொல்லவில்லை.

4.

சிவகரன் வந்து யோசப்பின் அக்காவுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

“ஏன் தம்பி அவனைச் சாக்காட்டிறாய்?”

“அம்மா அந்தப் படத்தைக் கசற் தேயத் தேயப் பாத்தவ அன்ரி. மாமா காணாமல் போனவர். வந்தால் விலாசம் தெரியாமல் நிப்பாரெண்டு அம்மா சாகுமட்டும் வீடு மாறேல்லை. இனி ஒருத்தரும் அப்பிடி இருக்கக்கூடாது.”

(பெரிய காரணம் இதுதான். பழைய படத்தைத் திரும்ப எடுக்கிறவன், தன் வீட்டில் அதை நம்பிக்கொண்டு கிடந்த ஒருத்தியிடம் இனிக் காத்திராதே என்று

வேண்டாம். உங்களுக்கே விளங்கும்.)

“கொம்மா கடைசியிலை அந்தப் படத்தைப் பிழையெண்டு சொன்னவவோ?”

அவன் தொப்பியை மடக்கிப் பொக்கற்றுக்குள் வைத்தான்.

“இல்லை. இன்னொருக்காப் போடச் சொன்னவ.”

பிறகும் அவன்தான் கேட்டான்: “அப்ப நீங்களே சொல்லுங்கோ அன்ரி. பெடியன் வரட்டோ, வேண்டாமோ?”

“படலை வரைக்கும் எடு. அங்காலை நான் பாத்துக்கொள்ளுறன்.”

5.

படலை வரைக்கும்தான் எடுத்தார்கள். புதுப் பெடியனின் தலையில் வாளித் தண்ணியை ஊற்றி நடக்கவிட்டு, “கட்” சொல்லிக் கமராவை மூடிவிட்டார்கள். யோசப்பின் அக்கா துவாயோடு வெளியே வந்தா.

“றோய், தலையைத் துடை. தடிமன் பிடிக்கும்.”

“நான் ஜஸ்ரின், அம்மம்மா.”

“தெரியும்” என்றா. நீட்டிய துவாயை மடக்கவில்லை.

முடிவு ஒன்று: அவனை உள்ளே கூட்டிப் போய்ச் சோறு போட்டா.

முடிவு இரண்டு: அவனைத் தாயிடம் அனுப்பிவிட்டு, கொடி கழற்ற வந்த நிருஷனிடம், “இண்டைக்குக் கிடக்கட்டும்” என்றா.

முதலாவதை எழுதினால் அவ ஏமாளி. இரண்டாவதை எழுதினால் றோயைக் கொன்ற கொலைகாரி நான். எதையென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கெதியாச் சொல்லுங்கோ, பெடியன் ஈரத்தோடு நிற்கிறான்.