பூண்டு ஆடுகள்

எழுதிப் பழக்கமில்லாத நான் ஒரு கதை சொல்லத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கோருகிறேன். தங்கும் விடுதி ஒன்றின் வரவேற்பு மேசையிலிருந்து விருந்தினருக்குப் பணிவான மின்னஞ்சல்கள் அனுப்புவதே இதுவரை என் எழுத்துப் பணி. பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மூணாறை அடுத்த பள்ளிவாசல் என்னும் ஊருக்கு மேலுள்ள தேயிலைத் தோட்டத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். லயம் என்போம். எங்கள் லயத்தில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் குடில் போட்டி நடைபெறும். முதல் பரிசு பெரும்பாலும் பக்கத்து வீட்டு ஷிஜி அக்காவுக்கே. எங்கள் பொதுச் சுவரில், பழைய குழாயைப் பிடுங்கிய இடத்தில் ஓர் ஓட்டை உண்டு. திருமணமாகி வந்த நாள்முதல், டிசம்பர் பிறந்தால் என் கண் அந்த ஓட்டையில்தான் இருக்கும். அக்கா வைக்கோல் கூரை வேய்ந்தால் நானும் வேய்வேன். அவர் நட்சத்திரம் பெரிதென்றால் என்னுடையது இன்னும் பெரிதாகும்.

"இந்த வருசமும் பரிசு இல்லன்னா, இனிமே நம்ம வீட்டுல குடிலே கிடையாது," என்று கணவர் ரிஜினிடம் கூறிவிட்டேன்.

"கண்ணுல கட்டி வராம இருந்தா போதும்," என்றார் அவர்.

இம்முறை அக்காவின் குடிலில் அருவி கொட்டியது. நானும் மூணாறில் மீன்தொட்டி மோட்டார் வாங்கி, தெர்மாகோல் மலையிலிருந்து நீர் விழச் செய்தேன். ஓட்டை வழியே மேல்பாதி மட்டுமே தெரியும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அருவிக்கு அடியில் அக்கா தொட்டி வைத்திருந்தார். நான் வைக்கவில்லை.

போட்டியன்று காலையில் பார்த்தபோது, சுடாத களிமண் பொம்மைகள் யாவும் கரைந்திருந்தன. சேறு அடைத்து மோட்டாரும் எரிந்துபோயிருந்தது.

"மூணு ராசாவும் சேந்து ஒரே ராசாவா ஆயிட்டாக. சூசையப்பர் கட்சி மாறிட்டாரு போல, காளையோட ஒட்டிக் கெடக்காரு," என்றார் ரிஜின். அழ ஆரம்பித்தவள் சிரித்துவிட்டேன்.

பாலகன் இயேசு மட்டும் தப்பினார். நள்ளிரவுப் பூசைக்குப் பிறகே அவரைக் கிடத்துவது வழக்கமாதலால், மூடி போட்ட சம்புடத்தில் பத்திரமாக இருந்தார்.

காந்தலூரிலுள்ள என் பிறந்த வீட்டிலிருந்து வந்த காய்கறிச் சாக்கு மூலையில் கிடந்தது. ஒரு பூண்டை எடுத்துக் கிராம்புகளைக் கால்களாகக் குத்தினேன். ஆடு நின்றது! பிறகு கை தானாகவே ஓடியது. உருளைக்கிழங்கு சூசையப்பர், தேயிலைக் கொழுந்துப் பை மாட்டிய முள்ளங்கி மாதா, பீட்ரூட் காளை, நீளக் கேரட்டுகளில் மூன்று அரசர்கள். தொழுவத்துக்கு எங்கள் லயத்தைப் போலவே தகரக் கூரை வைத்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான், அன்று காலை முழுவதும் ஓட்டைப் பக்கமே நான் போகவில்லை என்று உணர்ந்தேன்.

சர்க்கரை கேட்டு வந்த ஷிஜி அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏட்டி ரோசி! பூண்டுல ஆடா! ஓட்டை வழியா மாதா தலை மட்டுந்தான் தெரிஞ்சிச்சு, பாத்துக்க."

"அக்கா, நீங்களுமா?"

"பின்ன? போன வருசம் ஒன் நட்சத்திரத்தப் பாத்துட்டு ராத்திரியே எங்க வீட்டுக்காரரக் கடைக்கு வெரட்டுனேன்லா."

இருவரும் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் கதவைச் சாத்த மறந்துவிட்டேன். எதிர் வீட்டு ராமுத்தாய் அத்தையின் ஆடு உள்ளே வந்து அரசர் மூவரையும் தின்றுவிட்டது.

நடுவர்கள் வந்ததும், "ராஜாக்கள் எங்கே?" என்று வினவினர்.

"அவுக சனவரி ஆறு, திருக்காட்சித் திருநாளுக்குத்தான வருவாக? இன்னும் வழியில இருக்காக," என்றார் ரிஜின்.

"எங்க ஆட்டு வயித்து வழியில," என்றார் ராமுத்தாய் அத்தை.

முதல் பரிசு ஷிஜி அக்காவுக்கே கிடைத்தது. எனக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. இருந்தும், உள்ளங்கை சிவக்கக் கை தட்டினேன். பரிசை வாங்கிய கையோடு அக்கா கேட்டார்: "அடுத்த வருசம் ஒட்டகத்த எதுல செய்யப் போற?"

"சேனைக்கிழங்குல, அக்கா," என்றேன்.

இழந்தவற்றைத் தங்கள் மேலான பார்வைக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். களிமண் பொம்மைகள் அனைத்தும். மீன்தொட்டி மோட்டார் ஒன்று. கேரட் அரசர்கள் மூவர். முதல் பரிசு. ரிஜினிடம் செய்த சபதம். சுவரிலிருந்த ஓட்டை; அதை மறுநாளே சிமெண்டு வைத்து அடைத்துவிட்டோம். பூண்டு ஆடுகளைக் குழம்பில் போட்டோம். ஆதலால் அவற்றை இழப்பில் சேர்க்கவில்லை.