மற்றமை பற்றிப் பகலவன்

"அண்ணி, அந்தத் தட்ட நீ தொடாத."

நீலா சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் திருவொற்றியூரின் அந்த ஒன்றரை அறை வீட்டில் மெதுவாகச் சொன்ன எதுவும் மெதுவாகக் கேட்டதில்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துக்கொண்டிருந்த மங்கையின் விரல் அப்படியே நின்றது. பூ வைத்து நிச்சயம் பண்ண வருகிறார்கள் என்று பட்டுப்புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்த வினிதா முதலில் அத்தையைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் மூன்று பெண்களும் சேர்ந்து பகலவனைப் பார்த்தார்கள்.

பகலவன் பீரோவில் சாய்ந்தபடி, அடுத்த ஞாயிறு வியாசர்பாடி வாசகர் வட்டத்தில் பேச வேண்டிய பேச்சை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். தலைப்பு: மற்றமை. 'நாம்' என்று நம்மைச் சொல்லிக்கொள்வதற்காக யாரை வெளியே தள்ளி வைக்கிறோமோ, அவர்தான் மற்றமை. இதைத் தப்பில்லாமல் சொல்ல அவனுக்கு ஒரு வாரம் பிடித்தது.

துறைமுகத்தில் கப்பல்மேல் அடுக்கிய கண்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற லேஷிங் வேலை அவனுக்கு. நாற்பது வயதுக்கு மேல்தான் சங்க ஆபீசு மாடியில் எழுத்தே கற்றான். கற்றது கையோடு நிற்காமல் வாய்க்கு வந்துவிட்டது. வாசகர் வட்டத்தை நடத்தும் ரயில்வே குமாஸ்தா பீம்ராவ் ஒருநாள் 'கட்டுடைப்பு' என்றபோது, கம்பியை அவிழ்க்கிற வேலையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "அதுக்கு ஷிப்டுக்கு எட்டு பேர் வோணும் தோழர்" என்றான். கூட்டம் சிரித்தது. பீம்ராவ் மட்டும் சிரிக்காமல் பொறுமையாக விளக்கினார். அன்று பிடித்த பித்து. விளிம்புநிலை, பெருங்கதையாடல், பிரதியின் மௌனம் என்று டீக்கடை வரைக்கும் பேசிப் பேசி, டீக்கடைக்காரர் இவன் தலையைக் கண்டாலே ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவார்.

"இன்னா நைனா, பேசாம கீற?" என்றாள் வினிதா. "அத்த எடுக்கலன்னா யாரு எடுக்கிறது?"

மங்கை பகலவனின் அக்கா. புருஷன் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெயிலருக்கு அடியில் போனபோது வினிதா தவழ்ந்துகொண்டிருந்தாள். நீலா எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போக, காசிமேட்டில் விடியற்காலை மீன் அரிந்துவிட்டு வந்து பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தது மங்கைதான். பள்ளிக்கூடத்தில் அம்மா பேர் கேட்டதற்கு அந்தப் பெண் அத்தை பேரைச் சொல்லிவிட்டு வந்தவள்.

"எனக்கு மட்டும் ஆசையா?" நீலாவின் குரல் உடைந்தது. "போன வருசம் எண்ணூர்லேந்து வந்தவங்க இன்னா பண்ணாங்க? தாலி இல்லாதவ எதுக்க வந்துட்டான்னு காப்பிய கூட தொடாம எழுந்து போவல? இந்த எடமும் போச்சின்னா நான் இன்னாத்த செய்வேன்? பூ வைக்கிற அந்தக் கொஞ்ச நேரம். அவ்ளோதான கேக்கறேன்."

மங்கை விரலைத் துடைத்துக்கொண்டாள். "நீ சொல்லுடா பகலு. படிச்சவன்."

படிச்சவன் என்று கேட்டதும் பகலவனுக்குத் தொண்டை தானாகச் செருமியது. இது வீடு என்பதை மறந்துவிட்டான்.

"அக்கா, தபாரு. இந்தத் தட்டுன்றது வெறும் குறி. தட்டுக்குள்ள ஒரு அர்த்தமும் கெடையாது. அர்த்தம் நாமளா ஏத்தி வெச்சது. புர்தா? அப்போ நீ எடுக்காததுலயும் ஒண்ணும் கெடையாது. நீ போய் அதுல அவமானத்த ஏத்தி வாசிக்காத."

"ஒண்ணும் இல்லாத தட்டுதான? அப்போ நானே எடுத்தா இன்னா?"

"அது... சமூகம் வேற மாதிரி வாசிக்கும். பெருங்கதையாடல்க்கா. அத தனியாளா எதுத்து நிக்க முடியாது."

"ஓகோ. அப்போ எனக்கு ஒண்ணும் இல்ல, அவங்களுக்கு மட்டும் எல்லாம் கீது." மங்கை எழுந்தாள். "எங்கப்பன் எழுத்தே தெரியாதவன், 'பேசாம உள்ள போய் உக்காரு'ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருப்பான். நீ அதையே அரை மணி சொல்ற. நல்லாதான் படிச்சிகீற."

பால் வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். வினிதா மடிப்பைக் கலைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வைத்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் மணலி புதுநகரிலிருந்து டெம்போ வேனில் வந்தார்கள். தெருவுக்குள் வேன் நுழையாது என்பதால் மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, தட்டுகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். மாப்பிள்ளை உதயாவுக்கு அப்பா இல்லை. சித்தப்பா வேலப்பன்தான் எல்லாம். நீலா ஆரத்தி எடுத்தாள். வினிதா மணையில் உட்கார்ந்தாள்.

"பையனோட அம்மா வர்லயா?" என்றாள் நீலா.

வேலப்பன் மேல்துண்டைச் சரிசெய்தார். "பின்னாடி வர்றாங்கம்மா. வேன்ல வந்ததுல கொஞ்சம் தலைசுத்தல். பொண்ணுக்கு அத்தை ஒருத்தங்க கீறாங்கன்னாங்களே?"

"பால் வாங்கப் போயிகீது" என்றான் பகலவன்.

இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

உண்மையான வாசிப்பு என்பது பிரதியில் சொல்லாமல் விட்டதை வாசிப்பது. இது பகலவனுக்குத் தெரியும். எனவே உடனே வாசித்தான். அம்மாவுக்குச் சம்பந்தம் பிடிக்கவில்லை. தெருவின் சாக்கடையைப் பார்த்து முகம் சுளித்து வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போய்க் கையைப் பிடித்து அழைத்து வருவது பெண்ணைப் பெற்றவன் கடமை. தன் வாசிப்பில் தானே மெய்சிலிர்த்து, யாரிடமும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

வேனின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஜரிகை போட்ட சாம்பல்நிறப் புடவையில், வெறும் நெற்றியோடு ஓர் அம்மாள். பக்கத்தில் மங்கை. நடுவில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதான் என் தம்பி" என்றாள் மங்கை. "டேய், உதயா அம்மா, பட்டம்மா. பால் வாங்கினு வந்தேன், யாரோ ஒத்தைல குந்திகினு அழுதுகினு இருந்தாங்க. இன்னாம்மான்னு கேட்டா, நம்ம கேசு."

பட்டம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கொழுந்தனார்தான் சொன்னாருங்கண்ணா. பூ வெச்சி முடிக்கிற வரைக்கும் வண்டிலயே இருங்க அண்ணி, பொண்ணு வூட்ல இன்னா நெனைப்பாங்களோன்னு. எனக்கு ஒரே புள்ள."

"எங்க வூட்ல, மாப்ள வூட்ல இன்னா நெனைப்பாங்களோன்னு" என்றாள் மங்கை. மறுபடியும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பட்டம்மாளின் சிரிப்பு பாதியில் அழுகையாகித் திரும்பவும் சிரிப்பானது.

பகலவன் வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை என்பது அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அப்பா இல்லாத பையனின் அம்மா என்ன ஆகியிருப்பாள் என்று மட்டும் அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. இத்தனைக்கும் அவன்தான் மற்றமை பற்றிப் பேசப்போகிறவன்.

"இன்னாடா முழிக்கிற? இதுக்கும் உங்க வட்டத்துல ஒரு பேரு வெச்சிருப்பீங்களே?"

வைத்திருந்தார்கள். நாலைந்து பேர்கூட வைத்திருந்தார்கள்.

"கடல கீதா?" என்றான்.

மங்கை பொட்டலத்தை அவன் கையில் திணித்தாள். பட்டம்மாளைப் பார்த்தாள். "நான் தூக்கி வளத்த பொண்ணு. நீ பெத்த புள்ள. நாம இங்க குந்திகினு யாருக்குக் காவல் காக்கறோம்? எழுந்திரு தாயி."

"கொழுந்தனார் கோச்சிக்குவாருக்கா."

"கோச்சிக்கட்டும். கோச்சிகினு போற வண்டி இதானே? நாம எறங்கிட்டா எடம் தாராளமா கீது."

பட்டம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு எழுந்தாள். பகலவன் இன்னும் கதவை அடைத்துக்கொண்டு நின்றிருந்தான். "நவுருடா" என்றாள் மங்கை. நகர்ந்தான். அன்றைய சமூகச் சீர்திருத்தத்தில் அவன் பங்கு அவ்வளவுதான்.

இரண்டு பெண்களும் முன்னால் நடக்க, அவன் கடலைப் பொட்டலத்தோடு பின்னால் போனான். வாசலில் அவர்களைக் கண்டதும் நீலாவின் முகம் வெளுத்தது. வேலப்பன் நாற்காலியை விட்டு எழுந்தார். பூச்சரத்தைக் கையில் வைத்திருந்த அவர் மனைவி, அதை யாரிடம் தருவது என்று தெரியாமல் நின்றாள்.

வினிதா மணையிலிருந்து எழவில்லை. தலையை மட்டும் நன்றாகத் தாழ்த்தினாள். "அத்த, சீக்கிரம். கழுத்து வலிக்குது."

எந்த அத்தையைச் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. மங்கை பூச்சரத்தை வாங்கினாள். பட்டம்மாள் அதன் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து பின்னலில் சுற்றினார்கள். உதயா அம்மாவைப் பார்த்து நின்றான். அவன் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட மறந்திருந்தான்.

கூட்டம் வேலப்பனைப் பார்த்தது. வேலப்பன் கூட்டத்தைப் பார்த்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்த மனிதர் அவர். நேராக வந்து பகலவனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"படிச்சவங்க வூடுன்னா இப்டித்தான்யா இருக்கணும்! எங்க அண்ணிய சம்பந்தியே போய்க் கூட்டியாந்துட்டாரு பாருங்க. நாங்கல்லாம் பழைய ஆளுங்க. இவுரு யோசிக்கிற மாதிரி நமக்கு வருமா?"

எல்லோரும் கைதட்டினார்கள். எவனோ செல்போனில் படம்கூட எடுத்தான். பகலவன் உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தான். முகங்கள் எல்லாம் ஆவலாகக் காத்திருந்தன. வாசகர் வட்டத்தில்கூட அவனுக்கு இத்தனை முகங்கள் கிடைத்ததில்லை.

"ஏதோ நம்மாலானது" என்றான்.

மணைக்குப் பக்கத்தில் இருந்த மங்கை வாய்விட்டுச் சிரித்தாள். வாசலைத் தாண்டித் தெருமுனை வரை கேட்கிற சிரிப்பு. வேலப்பனின் மனைவி உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு, நல்ல சகுனம் என்றாள்.