இணைச்சீர் கேசட்

"நாஞ் செஞ்ச இணைச்சீரப் போடு, அம்மணி" என்று அன்னூரிலிருந்து வந்த நாத்தனார் சாந்தாமணி டிவி முன் உட்கார்ந்தாள். தம்பி கல்யாணத்தில் அக்காள் செய்கிற சீர் அது. மைதிலி மறுக்க வழியில்லாமல் கல்யாணக் கேசட்டைப் போட்டாள்.

திரையில் கூறைச்சேலைக் கூடையோடு சாந்தாமணி மணவறைக்கு வந்தாள். படம் துள்ளியது. சில வாரங்களிலேயே நிறுத்திவிட்ட ஒரு தொடரின் கடைசிப் பகுதி ஓடத் தொடங்கியது. மைதிலி உயிராய்ப் பார்த்த தொடர், கடையில் கிடைக்காது.

"தெரியாம அழிஞ்சுபோச்சுங்க, நங்கையா" என்றாள் மைதிலி.

சாந்தாமணி கேசட்டை வெளியே எடுத்தாள். யாரும் அழித்துவிடக் கூடாதென்று வீடியோக்காரர் அதன் ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டிருந்தார். அந்த ஓட்டையை அடைத்தால்தான் மேலே வேறெதுவும் பதிவாகும்; அதைச் செல்லோடேப் மூடியிருந்தது. அவள் அதை விரலால் தடவினாள். மைதிலிக்கு முகம் சுண்டிப்போனது.

"சுருக்கமில்லாம ஒட்டிப்போட்டிருக்கறே, கண்ணு."