கம்புக்காவல் மாப்பிள்ளை

1

டமார் என்று ஒரு சத்தம். பின்னாலேயே ஏதோ சிதறி உருளும் சத்தம்.

சின்னமனூரில் நான் குடியிருக்கும் தெருவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பக்கத்து வீட்டுக் கர்ணன் அண்ணன் டிவி ரிமோட்டைச் சுவரில் விட்டெறிந்திருந்தார். அவருடைய கால்பந்து அணி தொடர்ந்து ஆறாவது ஆட்டத்தில் தோற்றிருந்தது. (எந்த அணி என்று எழுதமாட்டேன். நான் அந்தத் தெருவில்தான் இன்னும் குடியிருக்க வேண்டும்.) பேட்டரி ஒன்று என் வாசல்வரை உருண்டு வந்தது. எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, திரையில் தெரிந்த கோல்கீப்பரைக் காட்டிச் சொன்னார்: "பிடிக்கத் தெரியாத கைக்கு எதுக்குத் தம்பி சோறு?"

இந்தக் கதை அந்த ஒரு வரியில்தான் பிறந்தது. வேறு பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமைக்குள் பத்திரிகைக்குக் கதை போக வேண்டும். கர்ணன் அண்ணன் அந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவர். உள்ளபடியே எழுதினால் அடுத்த ரிமோட் என் மேல் விழும். ஆகவே அவரைத் தூக்கி நூற்று முப்பது வருடம் பின்னால் கொண்டுபோய் வைத்தேன். வேட்டியை மாற்றினேன், மதத்தை மாற்றினேன், பெயரையும் மாற்றினேன். கோபத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

2

முதல் ஆரம்பம்: 1894-ஆம் ஆண்டு. மேற்கு மலையில் பெரியாற்று அணை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் மக்கள்

[அடித்துவிட்டேன். பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது.]

இரண்டாவது ஆரம்பம்: அந்த ஊரில் பந்து என்பது ஒன்றே ஒன்று.

இது நிற்கட்டும். சின்னமனூருக்குப் பக்கத்தில் ஒரு வேதக்கார ஊர், கிறிஸ்தவர்கள் ஊர். பந்தைக் கொண்டுவந்தவர் கோயில் சாமியார், கடல் தாண்டி வந்தவர். மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வெயில் தாழ்ந்ததும், ஆற்றோர மணல் திடலில் ஆட்டம். எதிரணி, அணை வேலைக்குச் சாமான் ஏற்றிப்போகும் வண்டிக்காரர்கள். இரண்டு மூங்கில் கம்பை நட்டு மேலே ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். கம்புக்குள் பந்து போனால் எண்ணிக்கை. கம்புக்கு நடுவே நின்று தடுக்கிறவனுக்குக் கம்புக்காவல் என்று பெயர்.*

* அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் கால்பந்து ஆடினார்களா என்று எனக்குத் தெரியாது. கம்புக்காவல் என்பது நான் உண்டாக்கிய சொல். ஊரும் அப்படியே. தேடிப் போய்விடாதீர்கள்.

3

மரிய ஜோசப் சோளக்காடு வைத்திருந்த மனிதர். மனைவி இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. அவர் ஒரு நாளும் பந்தை உதைத்ததில்லை. ஆனால் திடலில் அவர் குரல்தான் உரக்கக் கேட்கும். ஊர் அணி முதல் ஆட்டத்தில் தோற்றபோது, பழக்கமில்லாத ஆட்டம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். இரண்டாவதில் தோற்றபோது வெயிலைத் திட்டினார். மூன்றாவதில் தோற்றபோது அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திங்கள் முழுக்க மாட்டோடுகூடப் பேசவில்லை. சோளத்துக்குள் நின்றுகொண்டு, இல்லாத பந்தைத் தடுக்கிறவர்போல் கையை நீட்டி நீட்டி மடக்கினார்.

காரணம், கம்புக்காவல் நின்றவன் அவர் மருமகன்.

சுந்தர்ராஜ் அக்கரைக்காரன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மார்க்கையன்கோட்டை பாதையில் இருபது வீடுகள் இருந்தன. அதில் ஒன்று அவனுடையது. கட்டட வேலைக்காரன். சாரத்தின் மேலே நின்று, கீழேயிருந்து எறியும் செங்கலை வெறும் கையால் பிடித்து அடுக்குவான். ஒரு செங்கல்கூட அவன் கையிலிருந்து நழுவியதில்லை. அதனால்தான் சாமியார் அவனைக் கம்புக்கு நடுவே நிறுத்தினார். மரிய ஜோசப்போ ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நேரே ஆற்றைக் கடந்து மகள் பிலோமினாவின் வீட்டுக்குப் போவார். முற்றத்தில் குந்தி, கத்தரிக்காய்களை ஆட்களாகப் பரப்பிவைத்து, ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி ஆடிக் காட்டுவார்.

"இங்கன நின்னுருக்கணும் மாப்ள. அங்கன என்ன வேலை? செங்கலப் பிடிக்கிற கைக்குப் பந்து பிடிக்கத் தெரியலையே."

"அடுத்த தடவை பாத்துக்கிருவோம் மாமா."

"இதத்தான போன மாசமும் சொன்னீரு."

நான்காவது தோல்வி அன்று சுந்தர்ராஜ் சோற்றில் கை வைத்திருந்தான். கர்ணன் அண்ணன் என்னிடம் சொன்ன அதே வரியை மரிய ஜோசப் அவனிடம் சொன்னார். அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனான். அப்போது பிலோமினாவுக்கு நான்கு மாதம்.

மரிய ஜோசப்பைக் கேட்டால், மாப்பிள்ளைக்கு நாலு வார்த்தை புத்தி சொன்னதாகத்தான் சொல்வார்.

4

அன்று திரும்பி வரும்போதும் அவருக்குக் கோபம் ஆறவில்லை. ஊர் எல்லையில் அந்தோணியார் குருசடி. அங்கே இருக்கும் சிலுவைக் கல்லில் மூன்று தடவை கையடித்துச் சொன்ன சொல்லை மீறக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். மாடு தொலைந்தவன் கையடிப்பான், களவுப் பழி விழுந்தவன் கையடிப்பான். பந்தாட்டத்துக்காகக் கையடித்த முதல் ஆள் இவர்தான்.

"நம்ம ஊரு ஜெயிக்கிற வரைக்கும் அந்தக் கம்புக்காவக்காரன் வாசப்படிய மிதிக்க மாட்டேன். அந்த வீட்டுப் பச்சத்தண்ணி பல்லுல படாது."

மருமகனைத் தண்டிப்பதாக நினைத்துச் சொன்னார். அந்த வாசற்படி தன் ஒரே மகளின் வாசற்படியும்தான் என்பது வீட்டுக்கு வந்து, தானே உலை வைத்து, அரிசியைக் கழுவும்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு அணி ஐந்தாவது ஆட்டத்தில் தோற்றது. ஆறாவதில், ஏழாவதில், எட்டாவதிலும். ஒவ்வொரு தோல்வியும் மற்றவர்களுக்கு வெறும் ஆட்டம். மரிய ஜோசப்புக்கு அது மூடிய கதவு. ஒன்பதாவது ஆட்டத்துக்கு முதல் நாள், அக்கரைக்கும் இக்கரைக்கும் மோர் விற்க நடக்கிற மொக்கம்மாள் வந்து கலயத்தை இறக்கினாள்.

"ஏ மாமோய், உமக்குப் பேத்தி பிறந்துருக்கா. உம்ம மூக்குதான், பாவம்."

"ஆத்தாளும் பிள்ளையும் நல்லா இருக்காகளா?"

"இருக்காக. எப்ப வந்து பாக்கப் போறீக?"

"நாளைக்கு ஜெயிச்சிருவோம்ல. ராவுக்குள்ள வந்துருவேன்."

"உங்க ஆளுக ஜெயிக்கிறதுக்குள்ள அந்தப் பிள்ளையக் கட்டிக்குடுத்துருவாக."

அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு பந்தில் தோற்றார்கள். பத்தாவதிலும், பதினொன்றாவதிலும் அதே ஒரு பந்து. முன்னே நான்கும் ஐந்துமாக வாங்கிக்கொண்டிருந்த அணி தேறிக்கொண்டுதான் வந்தது. அதுதான் அவரை இன்னும் வதைத்தது. ஆட்டமில்லாத நாட்களில் கரையில் போய் நிற்பார். அக்கரையில் பிலோமினா வீட்டுக் கொடியில் கையகலத் துணிகள் காயும். முழங்கால் ஆழத் தண்ணீர்தான். காற்றில் துணி ஆடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

5

இந்த இடத்தில் நான் மூன்று நாள் சிக்கிக்கொண்டேன்.

பிலோமினாவை எழுத வரவில்லை. எழுதியது இதுதான்: அப்பாவை நினைத்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, பிலோமினா அழுதாள். மறுநாள் படித்தால் பொய்யாக இருந்தது. அடித்தேன். வாசலில் நின்று ஆற்றைப் பார்த்துப் பார்த்துக் கண்ணீர் விட்டாள் என்று மாற்றினேன். அதையும் அடித்தேன். தொடர்கதைகளில் நான் அழவைக்காத பெண் இல்லை. இவள் மட்டும் அழ மறுத்தாள். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

(கர்ணன் அண்ணனுக்கும் ஒரு மகள் உண்டு. பெரியகுளத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்தான். இரண்டு பொங்கலாக அவள் வரவில்லை. "பிள்ளைகளுக்குப் பரீட்சை" என்கிறார். பொங்கலுக்கு என்ன பரீட்சை என்று நான் கேட்கவில்லை.)

கேள்வி வாசகருக்கும் வந்திருக்கும். அவர் போகக்கூடாது, சரி. அவள் வரலாமே? ஊரில் அதைக் கேட்டவர்களிடம் மரிய ஜோசப் எரிந்து விழுந்தார். "கைப்பிள்ளைக்காரி. ஆத்தத் தாண்டி எப்பிடி வருவா?" மொக்கம்மாள் தலையில் கலயத்தோடு தினம் அதே ஆற்றைத் தாண்டுகிறாள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சாமியாரே ஒரு வழி சொன்னார். சொன்ன சொல்லைத் தாம் அவிழ்த்துவிடலாம், பதிலுக்கு ஒன்பது நாள் செபம் சொன்னால் போதும் என்றார். மரிய ஜோசப்புக்கு உயிர் வந்தது. ஆனாலும் மகளைக் கேட்காமல் செய்ய மனமில்லை. மொக்கம்மாளிடம் சொல்லி அனுப்பினார். மறுநாளே பதில் வந்தது.

"சாமி காரியத்துல விளையாட வேணாமாம். அய்யா கையடிச்சது கையடிச்சதாவே இருக்கட்டுமாம். பிள்ளைக்கு ஏதும் ஆயிரப்படாதுல்ல, அப்படின்னு சொல்லச் சொன்னா."

மரிய ஜோசப்புக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பக்தியான மகளைப் பெற்றிருக்கிறோம் என்று நினைத்தார். செபம் சொல்லவில்லை.

6

பன்னிரண்டாவது ஆட்டம்தான் கடைசி. சாமியாருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. பந்தும் அவரோடு போகிறது. இன்று தோற்றால் இனி ஜெயிக்க ஆட்டமே இல்லை. கல்லில் அடித்த சொல் கல்லாகவே நின்றுவிடும். திடலில் கூடியிருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

மரிய ஜோசப் காலையிலிருந்து சாப்பிடவில்லை. இடுப்பில் ஒரு சின்ன முடிச்சு. உள்ளே பேத்திக்கு வெள்ளி அரைஞாண். கம்புக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

பாதி ஆட்டத்தில் ஊர் அணியின் பந்து ஒரு வண்டிக்காரனின் முதுகில் பட்டுத் திரும்பிக் கம்புக்குள் போனது. அழகான பந்து இல்லை. ஆனால் எண்ணிக்கை எண்ணிக்கைதான். பதினோரு மாதத்தில் முதல்முறையாக ஊர் முன்னால் நின்றது. மரிய ஜோசப் கத்தவில்லை. கத்தினால் கலைந்துவிடும் என்று பயந்தவர்போல் முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சாமியார் கடிகாரத்தைக் கையில் எடுத்துவிட்டார். வண்டிக்காரர்களில் ஒருவன் தூரத்திலிருந்து, களைத்த காலால், ஒரு உதை விட்டான். பந்து மணலில் உருண்டு வந்தது. செங்கல் வருகிற வேகத்தில் பாதிகூட இல்லை. சுந்தர்ராஜின் இரண்டு கைக்கும் நேரே வந்தது.

"மாப்ள, பிடிச்சிரும்யா," என்றார் மரிய ஜோசப். மெதுவாகத்தான் சொன்னார்.

சுந்தர்ராஜ் பந்தைப் பார்க்கவில்லை. ஒரு கணம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தான்.

7

முடிவு ஒன்று. பிடித்தான். ஊர் ஜெயித்தது. மரிய ஜோசப் வேட்டி நனைய ஆற்றைக் கடந்து ஓடினார். கொடியில் காய்ந்த துணிகளை விலக்கிக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தார். சத்தம் கேட்டுப் பிலோமினா ஓடிவந்து

அவள் ஓடிவரவில்லை. நான் நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றாள். கை ஒன்று கதவில் இருந்தது. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்திருக்கும் முடிவு அது. என்னால் அந்தக் கையைக் கதவிலிருந்து எடுக்க முடியவில்லை.

முடிவு இரண்டு. விட்டுவிட்டான். ஆட்டம் சமமாகி, யாரும் ஜெயிக்காமல் முடிந்தது. மரிய ஜோசப் முடிச்சை அவிழ்க்காமலே வீட்டுக்கு நடந்தார். மறுநாளும் கரைக்குப் போனார். இது நடக்கக்கூடியது. ஆனால் அந்த வயதான மனிதரை வாழ்நாளெல்லாம் அங்கேயே நிறுத்திவைக்க என் கை கூசுகிறது. அவர் கெட்டவரில்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முடிவு மூன்று. பந்து வெடித்தது. [இது கோழைத்தனம். அடித்துவிட்டேன்.]

ஆகவே பந்தை உருளவே விடுகிறேன். பிடிப்பதா விடுவதா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் தீர்ப்புச் சொல்கிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காட்சியை நான் மரிய ஜோசப்பிடமிருந்து கடைசிவரை மறைத்தேன். உங்களிடமிருந்தும்தான். அவள் ஏன் அழவில்லை என்று எனக்கே அதை எழுதிய பிறகுதான் தெரிந்தது.

8

அன்று மத்தியானம், அக்கரையில். சுந்தர்ராஜ் சாப்பிட்டு முடித்திருந்தான். இலையில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. ஆட்டத்துக்குப் புறப்பட்டவன் வாசலில் நின்று, இன்றைக்குத்தான் கடைசி ஆட்டம், என்ன செய்யட்டும் என்று கேட்டான். பிலோமினா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, ஆற்றின் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"எட்டு மாசமாத்தான் இந்த வீட்டுல நீங்க நிம்மதியா ஒரு வாய் சாப்புடுறீக. இன்னைக்கும் ஒரு பந்த விட்டுருங்க."